ஸ்டெல்லாவின் இடது கால் ஷூ

ஆப்பிரிக்காவில் இறங்கி நான் முதலில் சண்டை போட்டது ஒரு மினிபஸ் கண்டக்டரோடு. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்தாவது ஆளாக ஒரு அம்மாவை, மடியில் கோழியோடு, என் பக்கம் தள்ளிவிட்டான். "யோவ், எனக்கென்ன இடுப்பே இல்லையா?" என்று தமிழில் கத்தினேன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு ஆறாவது ஆளைக் கூப்பிடப் போய்விட்டான். அந்த அம்மா மட்டும் கோழியின் மூக்கை என் தொடையிலிருந்து அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாயங்கால பஸ்ஸில் தொங்கிப் பழகிய உடம்பு இது. அரை மணி நேரத்தில் எனக்கும் கோழிக்கும் சமாதானம் ஆகிவிட்டது.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். மூக்கண்டப்பள்ளியில் எங்களுடையது ஒரு சின்ன சபை. கம்பெனிகளில் ஷிஃப்ட் மாறினால் எங்கள் ஆராதனை நேரமும் மாறும், அப்படிப்பட்ட சபை. மலாவி நாட்டில் ஒரு கிராமத்துப் போதகர் எங்கள் பாஸ்டருக்குப் பழக்கம். ஒரு வாரம் வந்து எங்களோடு தங்குங்கள், எங்கள் வீடுகளில் வந்து ஜெபியுங்கள் என்று அவர் கூப்பிட்டார், கிளம்பிவிட்டோம். பாஸ்டர் நெல்லைக்காரர், தலைக்கு மேல் கூரை விழுந்தாலும் நிதானமாகத்தான் நகருவார். மேரி டீச்சர் பர்கூர்க்காரர், இங்கிலீஷ் பேச அவர்தான் கதி. நான் தேவராஜ், பம்ப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். என் வீட்டில் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' எதற்கு என்பார்கள்.

நாலாவது ஆள் ஸ்டெல்லா. சொந்த ஊர் உத்தனப்பள்ளி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் உட்கார்ந்து வேலை. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், ஜெபத்தில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் குட்டையாகிவிட்டது. அந்தக் கால் ஷூவுக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்கு ரப்பர் அட்டை வைத்து ஒட்டியிருக்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் அதைச் செய்து கொடுப்பார். டொக், டொக் என்று தெருமுனையில் சத்தம் கேட்டாலே ஸ்டெல்லா வருகிறாள் என்று எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

அவளை அழைத்துப் போவதில் சபைக் கமிட்டிக்கு இஷ்டமில்லை. "மேடும் பள்ளமுமா இருக்கிற ஊராம். அங்க போய் இவள யாருங்க தூக்கிக்கிட்டு நடக்கறது?" என்று அவளை வைத்துக்கொண்டே ஒருவர் கேட்டார். ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"என்னை ஒருத்தரும் தூக்க வேணாங்க. நானே நடந்து போய் நானே நடந்து வருவேன். ஒரு எடத்துல முடியாம உக்காந்துட்டேன்னா, அதுக்கப்புறம் என்னை எங்கயும் கூப்பிடாதீங்க. வீட்டுக்குள்ளயே கெடக்கறவங்க அந்த ஊர்லயும் இருப்பாங்க இல்லீங்களா? அவங்கள பாக்கணும். சின்ன வயசுல நான் அப்பிடி கெடந்தப்ப ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல."

கமிட்டி அவள் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டது. 

நான் சொல்லப்போவது அங்கே நாங்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. விடிந்ததும் தேநீரோடு, எண்ணெயில் பொரித்த உருண்டை ஒன்று கொடுத்தார்கள். மந்தாசி என்று பெயர். நம் ஊர் இனிப்பு போண்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் நாலு சாப்பிட்டேன். மேரி டீச்சர் என் தட்டைப் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே என் மானம் போயிருந்தது. அங்கே தினமும் சாப்பிடுவது ந்சிமா. மக்காச்சோள மாவில் கிண்டிய வெள்ளைக் களி, தொட்டுக்கொள்ள பூசணி இலைக் கீரை, பொடி மீன் கருவாடு. களி என்றால் கிருஷ்ணகிரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உருட்டினேன், கீரையில் தோய்த்தேன், மெல்லாமல் அப்படியே முழுங்கினேன். பரிமாறிய பெண்கள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் தொண்டையையே பார்த்தார்கள். "பல்லுக்கு என்ன ஆச்சு இவருக்கு?" என்று ஒருத்தி கேட்டதாக டீச்சர் சொன்னார். அவர்கள் மென்று சாப்பிடுகிறவர்கள்.

ஆராதனைக்குப் போனோம். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் சோளக்கொல்லை, நடுவே தகரக் கூரை போட்ட செங்கல் கட்டிடம். அங்கே போதகரை அபுசா என்கிறார்கள். அபுசா பண்டா ஒல்லியான மனிதர், நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். வாசலில் அவர் எங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்தபோது நான்தான் எல்லோரையும் நிறுத்தினேன்.

"செருப்பு, செருப்பு! மொதல்ல கழட்டுங்க."

எங்கள் சபையில் வாசல் பொறுப்பு பல வருடமாக என்னுடையது. செருப்போடு ஒரு ஆள் படியைத் தாண்டிவிட முடியாது. பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கிய பெரிய மனிதரைக்கூடக் கழற்ற வைத்திருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கும் விலக்கு கிடையாது, அவளும் கேட்டதில்லை. வாசலிலேயே குனிந்து வார்களை அவிழ்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி, கதவோரம் இருக்கிற கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். அதுதான் அவள் இடம்.

ஆகவே மலாவியிலும் கழற்றினோம். பாஸ்டரின் கறுப்பு ஷூ, டீச்சரின் செருப்பு, பயணத்துக்கென்றே நான் வாங்கின புது ஷூ, ஸ்டெல்லாவுடைய ஜோடி. என் பழக்கம் சும்மா விடுமா? நாலு ஜோடியையும் சுவரோரம் வரிசையாக, மூக்கெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, அடுக்கி வைத்தேன். அபுசா அதற்குள் உள்ளே போய்விட்டார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியம்மா மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் சங்கத்துத் தலைவி, பெயர் க்ரேஸ். அவர் ஷூக்களைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், கூட்டத்தைக் காட்டினார், என்னவோ கேட்டார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார், என்ன பொறுப்பான அம்மா என்று நினைத்துத் தலையை நன்றாக ஆட்டினேன். அவர் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டினார். அது அவர்கள் நன்றி சொல்லும் முறை. செருப்புப் பார்த்துக்கொள்ள எதற்கு அவர் எனக்கு நன்றி சொல்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆராதனை அருமை. தபேலா கிடையாது, கீபோர்டு கிடையாது, தோல் மேளமும் தொண்டையும்தான். காணிக்கை போடக்கூட ஆடிக்கொண்டேதான் போகிறார்கள். நாங்கள் காணிக்கைப் பையைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுகிற வேகத்தை நினைத்துக்கொண்டேன். பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிற ஒரு உயரமான ஆள் நடுவே வெளியே போய்விட்டு வந்தான். வந்தவன் முன்பைவிட ஜோராக ஆடினான். காலில் பளபளவென்று ஷூ. அட, நம்ம மாடல் இங்கேயும் கிடைக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொன்னால் சிரிக்கக்கூடாது.

முடிந்து வெளியே வந்தோம். சுவரோரம் வெறும் மண்.

பாஸ்டர் கட்டை விரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு நின்றார். "என்னவே தேவராஜ், செருப்பெல்லாம் எங்கவே?"

"யாரு எடுத்தது? யாரு எடுத்ததுன்னு கேக்கறேன்!" என்று நான் ஆரம்பித்துவிட்டேன். ஊர் விட்டு ஊர் வந்து கோவில் வாசலில் செருப்புத் திருட்டா என்று ரத்தம் கொதித்தது. டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார். அபுசாவும் க்ரேஸ் அம்மாவும் மளமளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசப் பேச அபுசா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அபுசா இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுவிட்டு டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். முன்பு வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு குழு, கிளம்பும்போது தாங்கள் போட்டிருந்த ஷூக்களையே கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்களாம், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. நாங்கள் வந்ததும் வராததுமாகக் கழற்றி அழகாக அடுக்கியதைப் பார்த்து ஊரே நெகிழ்ந்துவிட்டது. 'எங்கள் ஆட்களுக்கா?' என்று க்ரேஸ் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். நான்தான் ஆட்டினேனே, மாடு மாதிரி தலையை.

"உள்ள போக செருப்ப கழட்டறது எங்க வழக்கம்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அபுசா ஆச்சரியமாகக் கேட்டார்: "ஆண்டவர் முன்னால் வெறுங்காலோடா? இங்கே ஷூ வைத்திருப்பவர்கள் வாரம் முழுக்க அதை எடுத்து வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைதான் போடுவார்கள். அவர் முன்னால் நன்றாக நிற்க வேண்டும் அல்லவா?"

 மேலே சொன்ன உயரமான பாடகன் அதற்குள் என் ஷூவைக் கழற்றி, தன் சட்டைக் கையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன். பாஸ்டருடையதும் டீச்சருடையதும் கூட்டத்திலிருந்தே வந்துவிட்டன. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நாங்களும்தான்.

"ஸ்டெல்லாவோடது?" என்று பாஸ்டர் கேட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. க்ரேஸ் அம்மா மெதுவாகச் சொன்னார், அபுசா அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டீச்சர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். "அந்த ஷூவை நாங்கள் மற்றதோடு சேர்க்கவில்லை. பார்த்த உடனே அது யாருக்கு என்று தெரிந்துவிட்டது. மேட்டு ஊரில் லவ்னஸ் என்று ஒரு பெண் இருக்கிறாள். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையாகிவிட்டது. கீழே இறங்க முடியாமல் சபைக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஆண்டவர் இந்தியாவில் அளவெடுத்துச் செய்து அனுப்பியிருக்கிறார் என்று சொல்லி, உடனே சைக்கிளில் ஒரு ஆளிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டோம்."

ஸ்டெல்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். இடது கால் குதிகால் எட்டாமல் விரல் நுனி மட்டும் தரையில் பட்டது. "தேவுடா" என்றாள், அவ்வளவுதான். மத்தியானம் நாங்கள் வீடு வீடாகப் போவதாக இருந்ததும் அதே மேட்டு ஊருக்குத்தான். அவள் வந்ததே அதற்குத்தான்.

"நீ இங்கன உக்காரு தாயி. ஆள் அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லுவோம். இன்னைக்கு நாங்க போயிட்டு வந்துருதோம்" என்றார் பாஸ்டர்.

"இங்கயே உக்காந்துட்டா கமிட்டில சொன்னது நெசமாயிடும் பாஸ்டர்." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "நான் வர்றேன்."

"எப்பிடி வருவே? வெறுங்கால்ல அந்த ஏத்தமா?" என்று நான் கத்தினேன். கோபம் அவள்மேல் இல்லை. பாழாய்ப்போன என் தலைமேல்தான்.

அவள் ரோட்டைக் காட்டினாள். அங்கே சைக்கிள்தான் ஆட்டோ. பின்னால் மெத்தென்று சீட்டு தைத்து, கால் வைக்கக் கம்பி வைத்திருப்பார்கள். மரத்தடியில் வரிசையாக நிற்கும். "அதுல எல்லாருந்தானே உக்காந்து போறாங்க? அது தூக்கறதுல சேராதுங்ண்ணா."

பாஸ்டர் வேறு சில வீடுகளுக்குப் போகக் கீழேயே நின்றுவிட்டார். அபுசா, டீச்சர், ஸ்டெல்லா, நான் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறினோம். எனக்கு வாய்த்த ஓட்டுநர் என் கை தடிமன் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான், ஜெபித்தான் என்று நினைக்கிறேன். முதல் ஏற்றத்திலேயே செயின் கழன்றது. நான் இறங்கி, ஒரு குச்சியால் செயினைப் பல்லில் ஏற்றிவிட்டு, மிச்ச ஏற்றம் முழுக்க சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினேன். அவன் மேலே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். ஓசூரில் சவாரி வந்தவன் இறங்கி வண்டி தள்ளினால் ஆட்டோக்காரன் பாதி வாடகையாவது குறைப்பான். இவன் பாட்டுப் பாடினான்.

மேட்டு ஊருக்குள் நுழையும் முன்பே பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு மண் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே மாமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்டெல்லாவின் ஷூ அவள் காலில் இருந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க, கழுத்தை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

போச்சு, இனி இதை யார் திருப்பிக் கேட்பது என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து இறங்கினாள். அவள் பார்வை லவ்னஸின் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. "அண்ணா, அவளுக்கு வலது கால்ங்ண்ணா குட்டை. என்னுது எடது கால் ஷூ. மாத்தி மாட்டியிருக்காங்க. விரலெல்லாம் மடங்கி கெடக்கு பாருங்க. உயிர் போற மாதிரி வலிக்கும்."

லவ்னஸ் ஸ்டெல்லாவைப் பார்த்தாள். வெறும் காலைப் பார்த்தாள். குதிகால் தரையில் படாமல் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து வாரை அவிழ்க்கத் தொடங்கினாள். அம்மா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார், என்னவோ கெஞ்சினார்.

"டீச்சர், கழட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"உனக்கென்ன பைத்தியமா? நீ எப்பிடி எறங்குவே? இன்னும் எத்தன வீடு போகணும்?" என்றேன்.

"தெரியலங்ண்ணா. அவ நிக்கறத பாத்தீங்க இல்ல? எப்பிடி கேக்கறது அத?"

லவ்னஸ் கேட்கவிடவில்லை. வார் முழுக்க அவிழ்த்து, ஷூவை உருவினாள். விரல்கள் சிவந்து மடங்கியிருந்தன. ஷூவுக்குள் கையை விட்டு மண்ணைத் தட்டிவிட்டு, ஸ்டெல்லாவிடம் நீட்டினாள். அவள் சொன்னதை அபுசா டீச்சரிடம் சொன்னார், டீச்சர் எங்களிடம் சொன்னார்.

"வலித்தது. ஆனால் நேராக நின்றேன். நேராக நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. இது உன்னுடையது, வாங்கிக்கொள்."

ஸ்டெல்லா அப்படியே மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஷூவை வாங்கவில்லை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் அழுதாள். லவ்னஸ் அவள் பாஷையில் அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? பெண்கள் சுற்றி உட்கார்ந்து கொண்டார்கள். இரண்டு பேரும் காலை நீட்டி அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு இடது, ஒருத்திக்கு வலது. அதைப் பார்த்து ஸ்டெல்லாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். கம்பெனியில் லைன் நின்றுபோனால் எப்படிப் பரபரப்பாளோ அப்படி. "அண்ணா, பேனா குடுங்க. டீச்சர், பேப்பர் ஏதாச்சும் கேளுங்க. ஒரு பலகை, அட்டை, என்ன இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க." லவ்னஸைச் சுவரில் சாய்ந்து நிற்க வைத்தாள். வலது காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மடித்த அட்டை. தள்ளி வந்து தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம். அய்யோ, அதிகமாயிருச்சு. ஆங், ஆயித்து, ஆயித்து, சரியாயிருச்சு." உயரத்தை ஒரு சாக்கு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். பழைய செய்தித்தாளில் இரண்டு பாதத்தையும் வைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். கூச்சத்தில் லவ்னஸின் கால் துள்ளித் துள்ளி, பேனா இரண்டு முறை கோணிக்கொண்டு போனது.

"பாய்கிட்ட குடுத்தா பண்ணிக் குடுத்துடுவாரு. எனக்கு பண்றவருக்கு இவளுக்கு பண்ண தெரியாதா?" என்றாள். லவ்னஸின் அம்மாவுக்கு டீச்சர் அபுசா வழியாக விளக்கிச் சொன்னார். அந்த அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. வருகிறோம், அனுப்புகிறோம் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாரோ. ஆனால் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கைக்குத் தண்ணீர் ஊற்றி, ந்சிமா வைத்தார். இந்த முறை நான் மென்று சாப்பிட்டேன்.

பிறகு ஸ்டெல்லா தன் ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அந்த மேட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தா வீடு, கண் தெரியாத ஒரு அம்மா வீடு, இன்னும் சில வீடுகள். எல்லாவற்றுக்கும் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலோரம் உட்கார்ந்து அவர்கள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தமிழில் ஜெபித்தாள். மொழிபெயர்க்கட்டுமா என்று அபுசா கேட்டார். வேண்டாம் என்றார்கள், புரிகிறதாம். திரும்பி இறங்கும்போது சைக்கிள்காரன் மணியடித்துக் கூப்பிட்டான். அவள் கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னாள். செம்மண் இறக்கத்தில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் முடியாமல் சைக்கிளில் ஏறியது நான்தான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று உயரமான பாடகன் வழியனுப்ப வந்திருந்தான். என் ஷூவைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன். என்னுடையதா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டான். இந்த முறை அர்த்தம் தெரிந்தே தலையை ஆட்டினேன். மார்க்கெட்டில் வாங்கிய டயர் செருப்போடு ஓசூரில் வந்து இறங்கியவனை என் மனைவி வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டாள்.

செய்தித்தாளையும் முடிச்சுப் போட்ட நூலையும் ஸ்டெல்லா தன் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாய் நூலை இழுத்துப் பார்த்தார், கோணல் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ன, கால் ஆடிச்சா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுச் செய்ய ஆரம்பித்தார். பர்கூரில் மேரி டீச்சரின் சித்தப்பா மகன் ஒருவர் கிரானைட் வேலையாக அந்த நாட்டுப் பக்கம் அடிக்கடி போய் வருகிறவர். அவர் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து அந்த ஜோடி போய்ச் சேர்ந்தது. போனதா, அளவு சரியாக இருந்ததா என்று ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டெல்லா வாசலில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனையிலேயே டொக் டொக் சத்தம் வேகமாக வந்தது. "அண்ணா! அண்ணா, இங்க பாருங்க!" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அபுசா அனுப்பிய வீடியோ. அதே தகரக் கூரைச் சபை, அதே மேளம். வாசலில் லவ்னஸ். யாரையும் பிடிக்காமல் உள்ளே வருகிறாள். சிமெண்ட் தரையில் டொக், டொக் என்று கேட்கிறது. பெஞ்சுகள் நடுவே முன்னால் வரைக்கும் நடந்து, காணிக்கை போட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். க்ரேஸ் அம்மா எழுந்து ஆட ஆரம்பிக்கிறார். இரண்டு முறை பார்த்தோம். ஸ்டெல்லா மூன்றாவது முறையும் போட்டாள், சத்தத்தைக் கேட்பதற்காக.

உள்ளே எங்கள் சபையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வழக்கம்போல வாசல் சுவரைப் பிடித்துக் குனிந்து வாரை அவிழ்க்கப் போனாள்.

"கழட்டாதே" என்றேன்.

"என்னங்ண்ணா?"

"கழட்டாம உள்ள போ."

அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்கள எங்கிட்ட அனுப்பு. வாசல்ல நாந்தானே இருக்கேன்."

நிமிர்ந்தாள். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தாள். படியைத் தாண்டினாள். எங்கள் டைல்ஸ் தரையில் அந்தச் சத்தம் இதுவரை கேட்டதே இல்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அன்றைக்கு யார் தூக்குவது என்று கேட்ட கமிட்டிக்காரர் என்னை முறைத்தார், நானும் முறைத்தேன். மேடையில் பாஸ்டர் ஒரு கணம் நிறுத்தி அவள் காலைப் பார்த்தார், பிறகு அதே பல்லவியை இன்னும் உரக்க எடுத்தார். ஸ்டெல்லா கதவோரத்துக் கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. நேராக நடந்து போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.